பலகையில் எழுதிய முப்பத்து மூன்று

என் புருஷன் கணக்கில் புலி. இதை நான் சொல்லவில்லை, கற்பிட்டிக் கரையே சொல்லும். ஐந்து வள்ளங்களின் மீனுக்குப் பங்கு பிரிக்கிறவர் அவர். கரையில் ஒரு கரும்பலகை உண்டு. வந்த மீனின் முழு நிறையை அதில் எழுதுவார்கள். வள்ளத்துக்கு அறுபது வீதத்தைக் கழித்துவிட்டு, மீதி நாற்பதை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். இத்தனை வருடத்தில் ஒருவன்கூட அவரோடு சண்டைக்கு வந்ததில்லை. ஆகவே என் வகுப்புப் புள்ளிக் கணக்கை அவரிடம் கொண்டுபோனதற்காக யாரும் என்னைக் குறைசொல்ல முடியாது. சொன்னாலும் நான் கேட்கப்போவதில்லை.

நாட்டில் யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் காற்றில் பறக்கும் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு எங்கள் கடலில் வழுக்கத் தொடங்க, ஊரில் எல்லோருக்கும் திடீரென்று ஆங்கில ஆசை வந்தது. என் ஆசை பழையது. சின்ன வயதில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, அகதி முகாமில் படித்து, உயர்தரப் பரீட்சையில் கோட்டைவிட்டவள் நான். முப்பத்தொரு வயதில், சனிக்கிழமைகளில் இரண்டு பிள்ளைகளையும் மாமியிடம் விட்டுவிட்டு, புத்தளத்துக்கு பஸ் ஏறி ஆங்கில டிப்ளோமா வகுப்புக்குப் போனேன். மாமி முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரு வருசம் பாப்பன் மகள். அதுக்கு மேல எனக்கு ஏலாது."

ஊரில் புதிதாகத் திறந்த பள்ளிக்கூடத்தில் ஆங்கில ரீச்சர் வேலை ஒன்று காத்திருந்தது, டிப்ளோமாவில் 'ஏ' எடுத்தவருக்கு மட்டும். 'ஏ'க்கு எழுபத்தைந்து புள்ளி வேண்டும். வருடம் முழுக்க வீட்டில் எழுதிக் கொடுத்த ஒப்படைகளுக்கு நாற்பது, கடைசிச் சோதனைக்கு அறுபது.

சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒப்படைப் புள்ளிகளை வகுப்புப் பலகையில் ஒட்டினார்கள். மேலே 'ஒப்படை 40%' என்று இருந்தது. என் பெயருக்கு நேரே முப்பத்து மூன்று. அதைத் துண்டில் எழுதிக்கொண்டுபோய்ப் புலியிடம் நீட்டினேன்.

"இஞ்ச பாரு," என்றார். "பலகையில இருக்கிறது முழு மீன். அதில நாப்பது வீதம்தான் ஒனக்கு. பதிமூணு புள்ளி ரெண்டு. எழுபத்தஞ்சுக்கு இன்னும் அறுபத்தொண்டு புள்ளி எட்டு வேணும். சோதனைக்கே மொத்தம் அறுபதுதான்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "வானத்தில இருந்து மலக்கு இறங்கி வந்து எழுதினாலும் ஏ வராது."

வகுப்பிலேயே கூடிய புள்ளி முப்பத்தேழு. அதைக் கண்டாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ, படிப்பிக்கிற சேர் கஞ்சன், நாங்கள் எல்லோரும் மொக்குகள் என்று முடிவுகட்டினேன். சேரிடமே போய்க் கேட்டிருக்கலாம்தான். நூற்றுக்கு முப்பத்து மூன்று எடுத்தவள் எந்த முகத்தோடு போய்க் கேட்பாள்? பாண் வெட்டிக்கொண்டே அழுதேன். புத்தகங்களை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன். பாஸ் பண்ணினால் போதும், வீட்டில் காட்ட ஒரு கடதாசி கிடைக்கும் என்று அந்த ஒரு மாதமும் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

சோதனையன்று பஸ்ஸில் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பலகையில் அவளுக்கு வெறும் இருபத்தெட்டு. அவளோ தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்தெட்டை வெச்சுக்கொண்டு என்னத்துக்குப் படிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"நாப்பதுக்கு இருபத்தெட்டுத்தானே ராத்தா. இன்னும் நாப்பத்தேழு எடுத்தா ஏ. ஒங்களுக்கென்ன, நாப்பத்திரண்டு போதும்."

அல்லாவே! சேர் ஏற்கெனவே நாற்பதுக்குச் சுருக்கித்தான் எழுதியிருக்கிறார். பங்கு கழித்த மீனில் என் புருஷன் இன்னொரு தரம் பங்கு கழித்திருக்கிறார். நான் அவள் கொப்பியைப் பறித்தேன். நுரைச்சோலையிலிருந்து புத்தளம் வரைக்கும் மூச்சுவிடாமல் வாசித்தேன். ஒரு மாதத்துப் படிப்பு முக்கால் மணித்தியாலத்தில் எங்கே ஏறும்?

சோதனையில் எனக்கு நாற்பத்தொன்று. கூட்டினால் எழுபத்து நான்கு. அந்தப் பிள்ளை 'ஏ' எடுத்தாள், பள்ளிக்கூட வேலையும் அவளுக்கே போனது. நல்ல பிள்ளைதான், ஆனாலும் மூன்று மாதம் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் நான் கத்திய கத்தல் கரை வரைக்கும் கேட்டிருக்கும். "புலியாம் புலி! ஒரு மார்க்! ஒரே ஒரு மார்க்!" அவர் அந்தத் துண்டை எடுத்து மூன்று தரம் கணக்குப் பார்த்தார். பிறகு எழுந்து மாமியிடம் போனார். "உம்மா, பிழை என்னோடதுதான். அவ இன்னொருக்காப் படிக்கட்டும்." மாமி வெற்றிலையை மென்றபடி, "படிக்கட்டும். நான் சொன்னது ஒரு வருசம்," என்றார். மாமி பேச்சு மாறாதவர்.

அடுத்த வருட வகுப்பின் முதல் சனிக்கிழமை. கரையில் மீன் வந்து கிடக்க, வேறொருவன் பங்கு பிரித்துக்கொண்டிருந்தான். என் புருஷன் இடுப்பில் சின்னவனோடு வாசலில் நின்றார். மூத்தவள் அவர் சாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த முறை எத்தன வேணும் எண்டு ஒருக்காப் பாத்துத் தரட்டா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க பிள்ளைட மூக்கைத் துடைங்க," என்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.