பனிக்குள் ஒரு ‘ம்’

ஒரு செருப்பு காலில் இருந்தது, இன்னொன்று கையில். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, தோட்டத்துக்குப் போகலீங்களா?” என்றேன்.

“போகோணும்,” என்றார். ஆனால் நகரவில்லை. கையை வைத்துப் பார்த்தேன், உடம்பு கொதித்தது.

நாமக்கல் மருத்துவமனையில் மூளை அழற்சி (கிருமி தொற்றி மூளை வீங்குவது) என்றார்கள். உயிர் தப்பியது. மலைக்குத் திரும்பி வந்தபோது கை கால் நன்றாக இருந்தது, பேச்சும் கொஞ்சம் இருந்தது. வேலைகளின் வரிசை மட்டும் அவரை விட்டுப் போயிருந்தது. வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் இது உங்களுக்காகத்தான்.

மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டில் எங்களுக்கு இருப்பது மிளகுக் கொடிகள்தான். பறிப்பு நெருங்கிக்கொண்டிருந்தது, நான் தோட்டத்துக்குப் போயே ஆக வேண்டும். அடிவாரத்தில் இருக்கும் அவருடைய அண்ணன் வந்து பார்த்தார்.

“தனியா உட முடியாதுன்னா நான் கீழ கூட்டிட்டுப் போயர்றேன் கண்ணு. நீ தோட்டத்தப் பாரு.”

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் ஒப்பவில்லை. கீழே போனால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள், அதோடு சரி. தானாகப் பாலில்லாமல் ஒரு வரக்காப்பி போட்டுக் குடித்து, அடுப்பையும் அணைத்துவிட்டால் அவர் இங்கேயே இருக்கலாம். என் வேண்டுதல் அவ்வளவுதான்.

மருத்துவமனையில் அவருக்குப் பயிற்சி கொடுத்த பெண் சின்ன வயது, பொறுமைசாலி. வேலையைச் சிறுசிறு படிகளாக உடைத்து, கடைசிப் படியை முதலில் பழக்கச் சொன்னாள். இதற்குப் பின்னோக்கிக் கோத்தல் (முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வருவது) என்று பெயர்.

“எல்லாத்தையும் நீங்க செய்ங்க அக்கா. கடைசி ஒண்ண மட்டும் அவருக்கு உடுங்க. அது வந்தப்புறம் அதுக்கு முந்துன படி. ஒவ்வொரு தடவையும் வேலைய முடிச்சது அவராத்தான் இருக்கோணும்.”

முடிவுகள் மட்டுமே தெரிந்த ஒரு மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்பதை அவள் சொல்லவில்லை. முதலில் குடிப்பது வந்தது. அதன்பின் வெறும் டம்ளரை எடுத்து நிதானமாகக் குடித்து, வாயைத் துடைத்து, கீழே வைப்பார். ஊற்றுவது வந்ததும் ஒன்றுமில்லாத பாத்திரத்திலிருந்து ஒன்றுமில்லாததை ஊற்றினார், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாதவர் மாதிரி. எரியாத அடுப்பை அணைத்தார். பட்டப்பகலில், கட்டின புருசனைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. சொல்ல வெட்கமில்லை, பயந்தேன்.

இதற்கு நடுவில் நான் ஒரு கோளாறு செய்துவைத்தேன். எங்கள் பக்கம் பனி இறங்கினால் முன்னால் போகிறவர் தெரியமாட்டார். அதனால் மிளகு மூட்டையோடு நடக்கும்போது முன்னே போகிறவர் ‘ம்’ என்பார், பின்னே வருகிறவர் ‘ம்’ என்று பதில் கொடுப்பார். இருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். எப்போதும் அவர் முன்னால், நான் பின்னால். அந்தப் பழக்கத்தில், அடுப்படியில் அவர் ஒவ்வொரு படியையும் முடித்தபோது என்னையறியாமல் ‘ம்’ சொல்லியிருக்கிறேன்.

எல்லாப் படியும் வந்த பிறகுதான் அது தெரிந்தது. நான் ‘ம்’ சொல்லாவிட்டால் அவர் அடுத்த படிக்குப் போகவே இல்லை. தண்ணீர் கொதித்து வற்றும், கரண்டியில் காப்பித்தூளோடு அப்படியே நிற்பார்.

“அது தூண்டுதல் அக்கா, நீங்க எடுத்துக் குடுக்கறது,” என்றாள் அந்தப் பெண் போனில். “கொஞ்சங் கொஞ்சமாக் கொறைச்சு நிறுத்தோணும்.”

குறைத்தேன். சத்தம் முணுமுணுப்பானது, அப்புறம் வெறும் மூச்சானது. பிறகு அதையும் நிறுத்திவிட்டு, அவர் காப்பி போட அடுப்படிக்குள் போனதும் வெளியே வந்து சுவரோரம் நின்றேன். சாயங்காலம், பனி முற்றத்துக்குள் வந்துவிட்டிருந்தது. உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. போச்சு, நாளைக்கே அண்ணனுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ‘ம்’ என்று கேட்டது.

அது என் குரல். என் இழுவை, கடைசியில் லேசாக ஏறும் என் ராகம். நான் வாய் திறக்கவில்லை. வாயைப் பொத்திக்கூடப் பார்த்துக்கொண்டேன். தூள் டப்பா மூடும் சத்தம் வந்தது. மறுபடி என் குரலில் ‘ம்’. அடுப்புத் திருகு திரும்பியது. மறுபடி ‘ம்’. உள்ளே நான் இருந்தேன், வெளியேயும் நான்தான் நின்றிருந்தேன். கதவைத் தள்ளிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பனிக்குள் தோட்டத்துப் பக்கம் விறுவிறுவென்று நடந்துவிட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் வழி தெரியவில்லை. என் கையே எனக்குத் தெரியவில்லை. வீட்டுப் பக்கமிருந்து செருப்புச் சத்தம் வந்தது, இரண்டு செருப்பும். அது என்னைத் தாண்டி முன்னே போய் நின்றது. காப்பி வாசம் அடித்தது.

‘ம்’ என்றது பனி. கட்டையான, பழைய குரல். அதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் வாசம் வந்த பக்கம் கையை நீட்டித் துழாவினேன்.

“ஏ புள்ள, இருக்கியா?” என்றார்.

“ம்,” என்றேன். காய்ச்சலுக்குப் பிறகு அவராக என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. அழுதுகொண்டே அவர் பின்னால் வீட்டுக்கு வந்தேன். அடுப்பு அணைந்திருந்தது. எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி மூடி வைத்திருந்தார்.

அவர் மலையிலேயே இருக்கிறார். அடுப்படியில் இன்றும் என் குரலில்தான் ‘ம்’ சொல்லிக்கொள்கிறார், பனியில் மட்டும் தன் குரலில். நான்தான் மாறிப்போனேன். தலை வாரும்போது, பூட்டைத் திறக்கும்போது, பாதியில் கை நின்றுவிடுகிறது. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உள்ளிருந்து என் குரலில் ‘ம்’ என்று கேட்கும்வரை என் கை நகர்வதில்லை.