வீரபாகு பரப்பிய வாதுமை இலைகள்

வீரபாகு, தகப்பன் பெயர் முத்துக்கருப்பன். பிறந்தது 1948ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி, அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆறாம் இலக்கத் தொழிலாளர் லயத்தில். பதினாறு வயது முதல் இருபத்தெட்டு வயது வரை அத்தோட்டத்துத் தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் வேலை. 1977இல் வன்னிக்கு வந்தார். 1979இல் என் அக்கா வீரம்மாவை மணந்தார். பெண் மக்கள் இருவர். 1993 மார்ச் முதலாம் திகதி, வவுனியாப் பகுதியிலுள்ள ஓர் உள்ளூராட்சிச் சபையில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து, சபைக்குச் சொந்தமான பூங்காவைக் கூட்டும் பொறுப்பை ஏற்றார். சபையின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அக்காவின் மூத்த மருமகன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்.

இதுவரை எழுதியவை பத்திரங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டவை. இனி வருவதில் நான் கண்டதும், அக்கா சொன்னதும், ஸ்டூடியோ ஹமீட் சொன்னதும் கலந்துள்ளன. விபரங்கள் முரண்பட்ட இடங்களில் அக்கா சொன்னதையே எடுத்துக்கொண்டேன். நாங்கள் ஒரே வளவில் வசிக்கிறோம்.

பூங்கா அரை ஏக்கர். இரண்டு சீமெந்து வாங்குகள், பலகை கழன்ற ஓர் ஊஞ்சல், ஏழு வாதுமை மரங்கள். வாதுமை வருடத்தில் இரண்டு தடவை இலை கொட்டும். மாசியில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை. கொட்டுவதற்கு முன் இலைகள் செம்பு நிறமாகி, பிறகு இரத்தச் சிவப்பாகும். இந்த நகரத்தில் அதைக் கவனித்தவர்கள் இருவர். ஹமீட் அதை அழகு என்று கருதினார். அத்தான் அதை அத்துமீறல் என்று கருதினார்.

தேயிலைத் தொழிற்சாலையில் தரையில் கிடக்கும் இலைக்கு ஒரே அர்த்தம்தான். யாரோ கவனக்குறைவாக இருந்திருக்கிறார்கள், அவருடைய கூலியில் இன்று பிடிப்பார்கள். பன்னிரண்டு வருடங்கள் அப்படிப் பழகியவரிடம் ஏழு மரங்களைக் கொடுத்தால் என்னவாகும்? ஒருமுறை, காம்பு இற்று ஆடிக்கொண்டிருந்த ஓர் இலையின் கீழே விளக்குமாற்றோடு அவர் காத்து நின்றதை நானே கண்டிருக்கிறேன். கால் மணி நேரம் நின்றார். இலை விழவில்லை. தடியால் தட்டி வீழ்த்திவிட்டுக் கூட்டினார்.

2004ஆம் ஆண்டு சபைக்கு ஒரேயொரு நிரந்தரத் தொழிலாளர் பதவி அனுமதிக்கப்பட்டது. அத்தானுக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. அதைத் தவறவிட்டால் இன்னொன்று வருவதற்குள் அவருக்கு வயது கடந்துவிடும். பென்சன் என்ற சொல்லை அக்கா வாழ்நாள் முழுவதும் மறந்துவிட வேண்டியதுதான். சபையின் செயலாளர் விமலேஸ்வரி ஜூலை 28ஆம் திகதி காலை ஒன்பது மணிக்குப் பூங்காவைப் பார்வையிட்டு, அது திருப்திகரமாக இருந்தால் சிபாரிசு செய்வார் என்று கடிதம் வந்தது.

அந்த ஆடியில்தான் ஹமீட்டுக்கு இலை தேவைப்பட்டது.

ஹமீட் முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டு, போர்நிறுத்தத்தோடு பாதை திறந்தபின் வவுனியாவுக்கு வந்து கடைவீதியில் ஸ்டூடியோ வைத்தவர். அத்தான் அவரை 'நானா' என்று அழைப்பார். அவரிடம் மூன்று பின்திரைகள் இருந்தன: ஒரு நீர்வீழ்ச்சி, படிக்கட்டு வைத்த ஒரு மாளிகை, பனி மூடிய ஒரு மலை. சமாதான காலத்தில் கனடாவிலிருந்து அல்பங்கள் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் சிவந்த இலைகளுக்கு நடுவே கோட்டுப் போட்டு நின்றார். அதன்பிறகு எவருக்கும் நீர்வீழ்ச்சி பிடிக்கவில்லை. பூங்காவைப் படமெடுத்து, கொழும்பில் பெரிய திரையாக அடித்து மாட்டுவதென ஹமீட் முடிவு செய்தார்.

"பாகு அண்ணை, நாலு நாளைக்கு இந்த விளக்குமாத்தை வீட்டில வைச்சிட்டு வாங்கோவன்."

"எதுக்குங்க நானா?"

"இலை விழட்டும். படம் எடுக்கப் போறன்."

"யாரை?"

"ஒருத்தரையும் இல்லை. இலையை."

அத்தான் காலடியில் கிடந்த ஓர் இலையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இலைக்கும் அடையாள அட்டை குடுக்கப் போறாங்களா?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை. கனடாவில இதைப் பாக்கிறதுக்கெண்டே பார்க்குக்குப் போகினம், தெரியுமோ?"

"ஏன், அங்க கூட்டுறதுக்கு ஆள் கிடைக்கலீங்களா?"

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. நாலு நாள் என்பது நடக்காத கதை. பின்பக்கத்து மூன்று மரங்களின் கீழே மட்டும், இருபத்தேழாம் திகதி பின்னேரம் முதல் இலை கிடக்கலாம். மறுநாள் விடியற்காலை வெளிச்சத்தில் ஹமீட் படமெடுப்பார். ஒன்பது மணிக்குள் இடம் கூட்டப்பட்டுவிடும். வேறு நாளில் எடுக்க ஹமீட்டுக்கு வசதியில்லை. இருபத்தெட்டாம் திகதி பின்னேர ரயிலில் அவர் கொழும்பு போகவேண்டியிருந்தது.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை.

"உங்களுக்குப் பென்சன் வேணுமா, நானாவுக்கு இலை வேணுமா?"

"ரெண்டும் ஒம்பது மணிக்குள்ள முடிஞ்சிரும் புள்ள."

"பதினோரு வருசமா முடியாதது ரெண்டரை மணித்தியாலத்தில முடியப்போகுதாக்கும்."

அத்தான் நல்ல மனிதர். வாக்குக் கொடுத்தால் அரைகுறையாகச் செய்யமாட்டார். பிழை அங்கேதான் நேர்ந்தது. இலைகளைச் சும்மா கிடக்கவிட வேண்டும் என்பதை, இலைகளை ஒழுங்காகக் கிடத்த வேண்டும் என்று அவர் விளங்கிக்கொண்டார். இருபத்தேழாம் திகதி மதியம் தொடங்கி, சேர்த்த இலைகளைத் தரம் பிரித்தார். பூச்சி அரித்ததும் புள்ளி விழுந்ததும் கூடைக்குப் போயின. மிஞ்சியவற்றை ஈரத்துணியால் துடைத்தார். பிறகு கயிறு பிடித்து, இருபதடி நீளம் பன்னிரண்டடி அகலத்தில், முன்பு மேல்மாடித் தட்டுகளில் கொழுந்து பரப்பிய அதே கையால், எல்லா இடத்திலும் ஒரே கனமாகப் பரப்பினார். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. மறுநாள் விடிய ஐந்தரைக்கு வந்து பார்த்தபோது, இரவில் மேலே சில இலைகள் விழுந்திருந்தன. அவற்றைப் பொறுக்கி அகற்றினார்.

ஆறரைக்கு ஹமீட் காமரா முக்காலியோடு வந்தார். முக்காலியை விரிக்காமலே தரையில் வைத்தார்.

"அண்ணை, என்ன இது? பந்திக்குப் பாய் விரிச்ச மாதிரி?"

"எங்க தொட்டாலும் ரெண்டு விரல் கனங்க. அளந்து பாருங்க."

"ஆர் அளக்கச் சொன்னது? தானா விழுந்த மாதிரி இருக்கோணும்!"

"தானா விழுந்தது அந்தாக் கூடையில கிடக்குங்க. அது சரியில்லாத இலை."

ஹமீட் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, காலால் இலைகளை எத்தினார். அத்தான் பின்னாலேயே குந்திப்போய் அவற்றைச் சரிசெய்தார். ஹமீட் வடக்கு மூலையைக் கலைத்துவிட்டுத் திரும்பினால் தெற்கு மூலை ஒழுங்காகியிருந்தது. "கையை எடுங்கோ அண்ணை!" என்று ஹமீட் கத்துவதும், "இந்த ஒண்ணு மட்டுங்க" என்று அத்தான் கெஞ்சுவதும் பாதைக்குக் கேட்டதாம். இப்படி இரண்டு மணி நேரம் போயிற்று. ஏறக்குறைய இலை மட்டும் தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடிந்தது. எட்டு நாற்பதுக்கு, இருபது நிமிடம் முன்னதாகவே, செயலாளரின் வாகனம் வாசலில் நின்றது.

அத்தான் எழுந்து விளக்குமாற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கூட்டுவதற்கு நேரமில்லை. அவருக்குப் பின்னால் இருபதடி நீளத்துக்கு அவருடைய குற்றம் சிவப்பாகக் கிடந்தது.

"இது என்ன?" என்றார் விமலேஸ்வரி.

"மிஸ், பிழை என்னில. அண்ணைக்கு ஒண்டும்..." என்று ஹமீட் தொடங்கினார்.

செயலாளர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். இலைகளின் ஓரமாக ஒரு சுற்று நடந்து வந்தார். "இதில கால் வைக்கலாமோ?"

"வைக்காம இருந்தா நல்லதுங்க மிஸ்," என்றார் அத்தான். பிறகு, தன் பென்சனை நினைத்து, "மெதுவா வைங்க," என்றார்.

விமலேஸ்வரி சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் போய் நின்றார். "என்ர தங்கச்சி டொரன்டோவில இருக்கிறா. வருசா வருசம் ஒரு படம் அனுப்புவா. புதுக் கோட்டு, சிவப்பு மரம். பின்பக்கத்தில, 'அக்கா, உங்கை இப்பிடி ஒண்டும் இல்லையோ' எண்டு எழுதியிருப்பா. ஹமீட், பிலிம் இருக்கோ?"

பிலிம் இருந்தது. ஐந்து படங்கள் எடுத்தார்கள். ஒன்றில் அவர் ஓர் இலையைக் கையில் பிடித்து மணக்கிறார். வாதுமை இலைக்கு மணம் கிடையாது.

பிறகு அவர் வாங்கில் அமர்ந்து, அலுவலகக் கோவையை விரித்து அதில் எழுதினார். அதன் பிரதி என்னிடம் உள்ளது. "பூங்கா மிகவும் திருப்திகரம். நிரந்தர நியமனத்துக்குச் சிபாரிசு செய்கிறேன். இவ்விலைகள் மறு அறிவித்தல் வரை அகற்றப்படலாகாது."

அத்தானுக்கு முதல் இரண்டு வசனங்களில் கண் கலங்கிற்று. மூன்றாவதில் கலக்கம் வந்தது.

"அகற்றலைன்னா நான் என்னங்க மிஸ் செய்யறது?"

"பாத்துக்கொண்டு இருங்கோ."

அந்தப் பதில் சபையின் கணக்காளர் ஐயாத்துரையிடம் எடுபடவில்லை. கோவை அவரிடம் போய், ஆகஸ்ட் நாலாம் திகதி ஒரு குறிப்போடு திரும்பி வந்தது: "இலைகள் அகற்றப்படாத பூங்காவில், இலை அகற்றும் தொழிலாளி ஒருவருக்கு நிரந்தர நியமனம் வழங்குவதன் அவசியம் யாது?"

நேர்மையாகச் சொன்னால், அந்தக் கேள்வியில் என்னால் ஒரு குறையும் காணமுடியவில்லை.

அத்தான் அந்தக் கடதாசியோடு என்னிடம் வந்தார். அதற்குள் பூங்காவின் நிலைமை மாறியிருந்தது. செயலாளரின் படத்தை ஹமீட் ஸ்டூடியோக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். பின்னேரங்களில் மாப்பிள்ளை பொம்பிளைகளும், பிள்ளைக்காரர்களும், கனடாவுக்குப் படம் அனுப்பவேண்டியவர்களும் வரிசையில் நின்றார்கள். அத்தான் காலையில் வாடிய இலைகளைப் பொறுக்கி, புதுச் சிவப்பைத் துடைத்துப் பரப்பி, மிதிபட்ட இடத்தை ஒவ்வொரு குடும்பத்துக்குப் பின்னும் சரிசெய்து கொடுத்தார். கூட்டியதைவிட இரண்டு மடங்கு வேலை. ஆனால் விளக்குமாறு கையில் இல்லாததால் அது எவர் கண்ணுக்கும் வேலையாகப் படவில்லை.

இதையெல்லாம் விளக்கி இரண்டு பக்கத்தில் ஒரு மறுமொழி எழுதினேன். வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மச்சான். ஆனா எனக்கு ஒரு வரி போதும்," என்றார்.

"என்ன வரி?"

"மூணு நாள் லீவு."

பதினொரு வருடத்தில் அவர் கேட்ட முதல் விடுமுறை அது. மறுக்க அவர்களுக்கு வழி தெரியவில்லை. ஆகஸ்ட் 11, 12, 13.

முதல் நாள் இலைமேல் இலை விழுந்தது. எவரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் ஆடுகளுக்குச் செய்தி எட்டிற்று. அவை தின்றவை போக, தந்துவிட்டுப் போனவையும் இருந்தன. இரவில் வௌவால்கள் பாதி கடித்த காய்களை அவற்றின்மேல் போட்டன. மூன்றாம் நாள் சோளகக் காற்று ஒன்று எழுந்து, ஒரு பகுதியை வாய்க்காலுக்குள்ளும் மறு பகுதியைச் சபையின் முன்வாசலுக்கும் கொண்டுபோனது. மிஞ்சியது மண்ணிறமாகிச் சுருண்டது.

அத்தான் இந்த மூன்று நாளும் வீட்டில் இருந்தார். இருந்தார் என்று சொல்வது சரியல்ல. விடிந்தால் வளவைக் கூட்டினார், மதியம் கூட்டினார், பின்னேரம் என் பக்கத்தையும் கூட்டினார்.

"இனி மண் இல்லைங்க," என்றா அக்கா. "வேருதான் இருக்கு. அதையும் கூட்டிட்டு வந்து சாப்பிடுங்க."

"பூங்காவுக்கு ஒரு தடவை போய்ப் பாத்திட்டு வரட்டா?"

"கால் முறிச்சுப்போடுவன். இருங்க."

மூன்றாம் நாள் பின்னேரம், மணமாகி முப்பது வருடம் நிறைந்ததை முன்னிட்டு, கணக்காளர் ஐயாத்துரை மனைவி இராசேஸ்வரியோடு படமெடுக்க வந்தார். ஹமீட் தடுத்தாராம். "ஐயா, இண்டைக்கு வேண்டாம், ஆள் லீவு." "இலைக்கு ஆள் எதுக்கு?" என்று கணக்காளர் கேட்டாராம். அந்த அம்மா புதுப் பட்டுச் சேலையோடு, இலைகள் சற்றுத் தடிப்பாகத் தெரிந்த ஓரிடம் பார்த்து அமர்ந்தா. அந்தத் தடிப்புக்குக் காரணம் ஆடுகள்.

ஹமீட் சொன்னபடி, அவா எழும்பி, சேலையைத் திருப்பிப் பார்த்து, கணவரைப் பார்த்து, ஒரேயொரு கேள்விதான் கேட்டா.

"இதுக்குத்தானோ ஆள் தேவையில்லை எண்டு எழுதினனீங்கள்?"

ஆகஸ்ட் 16, திங்கட்கிழமை காலை, கோவையில் கணக்காளரின் இரண்டாவது குறிப்பு ஏறியது. மூன்றே சொற்கள்: "அவசியம் நேரில் உணரப்பட்டது."

நியமனக் கடிதம் ஒக்டோபர் முதலாம் திகதியிடப்பட்டு வந்தது. முன்னைய தற்காலிகச் சேவையும் ஓய்வூதியத்துக்குக் கணக்கிடப்படும் என்று விமலேஸ்வரி அடியில் தம் கையால் சேர்த்திருந்தார். பதவியின் பெயர் துப்புரவுத் தொழிலாளி. கடமைகள் என்ற இடத்தில், "இலை அகற்றல், இலை பரப்பல்" என்றிருந்தது. அக்கா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, முதலில் கடிதத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினா. பிறகுதான் சிரித்தா.

ஹமீட் அந்த ஒற்றைப் படத்தையே திரையாக அடித்து மாட்டினார். தானாக விழுந்த இலை என்று அதைப் பார்த்து எவரும் சொல்லமாட்டார்கள். ஒரு மூலையில், சரிசெய்துகொண்டிருக்கும் ஒரு கையும் தெரிகிறது. இது எந்த நாட்டுப் பூங்கா என்று கேட்டவர்களுக்கு, இவ்வளவு துப்புரவான நாடு எதுவென்று நீங்களே யோசியுங்கோ என்று ஹமீட் சொல்லிவந்தார்.

அத்தான் அறுபது வயது பூர்த்தியாகி, 2008 டிசம்பர் முதலாம் திகதி ஓய்வு பெற்றார். ஓய்வூதியக் கடிதத்தில் கண்டுள்ள மொத்தச் சேவைக்காலம்: பதினைந்து வருடங்கள், ஒன்பது மாதங்கள்.