இழுக்கும்போது தெரியும் நெல்

நான் எழுதிய கம்ப்யூட்டர் நிரலை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. சென்னைக் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் சேர்த்துக் குறைத்துவிட்டார்கள். மூட்டை முடிச்சோடு உத்திரமேரூருக்கு வந்து, அம்மா வீட்டு முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டேன். உள்ளூரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, சுற்றுவட்டார விவசாயிகள் சேர்ந்து நடத்தும் விதைநெல் குடோனுக்கு ஒரு நிரல் எழுதுவது.

அந்தக் குடோனைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்வது ஓர் அக்கா. திருமுக்கூடல் பக்கம் சொந்த ஊர், தினமும் பஸ்ஸில் வந்து போவார். இரண்டு பெண்கள் கல்லூரியில் படிக்கிறார்கள், இவர் சம்பளத்தில்தான். எந்த மூட்டை எந்த மூலையில் இருக்கிறது என்பதெல்லாம் அவரிடம் ஒரு நீள நோட்டிலும், பாதிக்கு மேல் தலைக்குள்ளும் இருந்தது. "தலைக்குள்ள இருந்தா நாளைக்கு யாரு எடுத்துப் பார்க்கிறது?" என்று குடோன் செயலாளர் கேட்டதில்தான் கம்ப்யூட்டர் வந்தது, நானும் வந்தேன்.

நிரல் எளிமையானது. திரையில் குடோனின் தரை, அதில் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஓர் அட்டி, அதாவது மூட்டைகளை அடுக்கியிருக்கும் இடம். இடதுபக்கம் அன்று வந்து இறங்கிய நெல்லின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூட்டைப் படம், கீழே பெயர். மவுஸால் பிடித்து இழுத்து வேண்டிய கட்டத்தில் விட்டால், எந்த வண்டி மூட்டை எந்த அட்டிக்கு என்று எண்கள் மட்டும் போட்டு ஒரு சீட்டு அச்சாகும். லோடுமேன்கள் சீட்டைப் பார்த்து மூட்டையைக் கொண்டுபோய் அடுக்க வேண்டியதுதான்.

"இனிமே நீங்க குடோனுக்குள்ள நடக்கவே வேணாங்கா, உட்கார்ந்த எடத்துலயே எல்லாம் முடிஞ்சிடும்" என்று பீற்றிக்கொண்டேன். செயலாளர் தலையாட்டினார். அக்கா மட்டும் மவுஸை ஏதோ பழக்கமில்லாத பிராணியைத் தொடுவதைப் போலத் தொட்டுப் பார்த்தார்.

பொங்கல் கழிந்து, சம்பா அறுப்பு முடிந்து, விதை மூட்டைகள் வரத் தொடங்கிய வாரம் அது. முதல் நாள் காலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தார். மூட்டைப் படம் பட்டியலிலேயே நின்றது. அம்புக்குறியோடு சேர்ந்து நகர்ந்தது புள்ளி புள்ளியாக ஒரு வெறுங்கட்டம்தான். நிரல் எழுதும் மென்பொருள் தானாகவே கொடுப்பது அது. அதுவே போதும் என்று நானும் விட்டிருந்தேன்.

அக்கா பாதி வழியில் நின்றார். "ஏம்மா, என் கையில இப்போ இன்னா கீது?"

"நீங்கதானேக்கா இப்போ எடுத்தீங்க? பொன்னி."

"எடுத்தேன். ஆனா கையில ஒண்ணியும் தெரியலியே."

"எடுத்தது ஞாபகம் இருக்கணும்கா. அவ்ளோதான்."

சொன்ன தொனி எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அக்கா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுக்கத் தொடங்கினார்.

மறுநாள் மதியம் குடோனிலிருந்து போன் வந்தது. போனேன். குடோனுக்குள் குண்டு நெல் அட்டியின் மேல் நாலைந்து லோடுமேன்கள் ஏறி நின்றிருந்தார்கள். அக்கா கையில் குத்தூசி. மூட்டையில் குத்தினால் உள்ளிருந்து நாலு மணி நெல்லை எடுத்து வருமே, அந்தக் குழாய் ஊசி. ஒவ்வொரு மூட்டையாகக் குத்தி, கொட்டி, பார்த்து, "இது குண்டு... இது குண்டு... இதை எறக்கு, இது பொன்னி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை, குரல் மட்டும் நிதானம்.

நடந்தது இதுதான். அக்கா மவுஸை அழுத்தி இழுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்திருக்கிறது. அதே நேரம் வெளியே லாரிக்காரர் ஏதோ கேட்டிருக்கிறார். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் திரையில் அந்த வெறுங்கட்டம். தான் பிடித்திருப்பது குண்டு என்று நினைத்துக் குண்டு அட்டியில் விட்டுவிட்டார். உண்மையில் அது பொன்னி. சீட்டு அச்சானது. விவசாயிகள் கொண்டுவரும் சாக்குகள் பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். லோடுமேன்களும் சீட்டில் உள்ளபடி அடுக்கிவிட்டார்கள். நல்லவேளை, வயதில் மூத்த லோடுமேன் ஒருவர் ஓட்டைச் சாக்கிலிருந்து சிந்திய நெல்லைப் பார்த்துவிட்டு, "யக்கா, இது சன்னமா கீதே" என்று குரல் கொடுத்தார்.

சாப்பாட்டு நெல்லாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். இது விதை. குண்டு மூன்றரை மாதத்தில் அறுப்புக்கு வந்துவிடும், பொன்னிக்கு அதற்கு மேல் ஒரு மாதம் ஆகும். கலந்து விதைத்தால் பாதி வயல் பழுத்து உதிரும், மீதி பச்சையாக நிற்கும். ஒரு குடும்பத்தின் ஒரு பட்டத்து விளைச்சல் அதோடு போய்விடும்.

நேரம் பார்த்து செயலாளரும் வந்து சேர்ந்தார். அட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"இத்தினி வருசத்துல இப்படி நடந்ததில்லையேம்மா."

"இல்ல சார்."

"கம்ப்யூட்டர் உனக்கு ஒத்துவரலன்னா சொல்லிடு. தப்பா நெனைக்காத. திங்கக்கிழம நானே வந்து உட்கார்ந்து பார்க்கிறேன். சரிப்படலன்னா காஞ்சிபுரத்துல கம்ப்யூட்டர் படிச்ச ஆளுங்க கீறாங்க, வரவழைச்சுக்கலாம்."

அக்கா தலையை மட்டும் அசைத்தார். நான் ரெண்டு அடி தள்ளி நின்றிருந்தேன். முதல் நாள் காலையில் அவர் என்னிடம் கேட்ட கேள்வி என் காதிலேயே இருந்தது. தப்பு யாருடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. உள்ளூரில் முதல் வேலை, பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். நல்ல வார்த்தைகள் இல்லை, எழுத முடியாது.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் குடோனில் இருந்தேன். "அக்கா, இன்னைக்குக் கம்ப்யூட்டர் வேணாம். நான் வர்றதுக்கு முன்னாடி எப்படிச் செஞ்சீங்களோ அப்படிச் செய்யுங்க. நான் சும்மா பார்க்கிறேன்."

"பார்க்க இன்னா கீது இதுல?" என்றார். ஆனாலும் செய்தார்.

ஒரு வண்டி நெல் இறங்கியது. அக்கா குத்தூசியால் ஒரு மூட்டையைக் குத்தி, வந்த நெல்லை இடது உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். விரலை மூடவில்லை. கையை நீட்டியபடியே முன்னால் நடந்தார், மூட்டை தூக்கியவர்கள் பின்னால் வரிசையாக வந்தார்கள். வழியில் ஒருவர் நிறுத்தி ஏதோ கேட்டார். அக்கா நின்று பதில் சொன்னார், கையைக் குனிந்து ஒரு முறை பார்த்தார், மறுபடி நடந்தார். அட்டியின் அருகே போனதும் அடிமூட்டையில் குத்தி வலது கையில் நாலு மணி எடுத்தார். இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "போடு" என்றார்.

"எப்பவும் இப்படியாக்கா?"

"பின்ன? கையில நெல்லு இல்லாம இங்க மூட்டை நவுறாது. மன்சன் மறந்துடுவான்மா. கையில கீறது மறக்காது."

அடக் கடவுளே. இதைத்தான் நான் 'நடக்கவே வேணாம்' என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். 'ஞாபகம் இருக்கணும்' என்று அவருக்கே பாடம் வேறு எடுத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அங்கேயே அக்காவின் கையை வெயிலுக்கு நீட்டச் சொல்லி, ஒவ்வொரு ரக நெல்லையும் வைத்து என் போனில் படம் எடுத்தேன். இழுக்கத் தொடங்கியதும் வெறுங்கட்டத்துக்குப் பதிலாக இந்தப் படம் அம்புக்குறியோடு கூடவே போக வேண்டும். அரை நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று நாள் என்னைப் படுத்தி எடுத்தது.

முதலில் படத்தின் எந்த இடத்தில் அம்புக்குறி நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூலையில் ஒட்டிக்கொண்டு, படம் கீழே தொங்கியது. நடுவில் நிற்கவைத்தேன். இப்போது படம் அடியில் இருக்கும் கட்டத்தையே மறைத்தது, எங்கே விடுகிறோம் என்று தெரியவில்லை. பாதி ஊடுருவித் தெரியும்படி செய்தேன், நெல் வெளுத்துப்போய்ப் பொன்னியும் குண்டும் ஒன்றாகிவிட்டன. கடைசியில் படத்தைச் சின்னதாக்கி, அம்புக்குறிக்குக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்ததும் சரியாக வந்தது.

என் மடிக்கணினியில் ஜம்மென்று ஓடியது. குடோனின் பழைய கம்ப்யூட்டரில் போட்டால், இழுத்த வழியெல்லாம் படத்தின் துண்டுகள் அப்படியே நின்றன. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "யம்மா, உன் மூட்டையில ஓட்டை! நெல்லு சிந்திக்கினே போவுது பாரு!" வாசலில் நின்ற லோடுமேன்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம்.

புது இடத்தில் படத்தை வரைந்த நான், பழைய இடத்தைச் சரியாக அழிக்கவில்லை. அதோடு போனில் எடுத்த பெரிய படத்தை ஒவ்வொரு அசைவுக்கும் புதிதாகச் சுருக்கிக்கொண்டிருந்தேன், அந்தப் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. இழுக்கத் தொடங்கும்போதே ஒரு முறை சுருக்கி, திரையில் தனியாக மிதக்கும் ஒரு மெல்லிய சாளரத்தில் வைத்து, அந்தச் சாளரத்தை மட்டும் நகர்த்தினேன். சிந்துவது நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு கை கீது. இன்னொரு கை எங்க?" என்றார்.

சட்டென்று புரிந்தது. ஏதாவது ஓர் அட்டிக்கு மேலே கொண்டுபோனால், அந்த அட்டியின் நெல்லும் பக்கத்தில் படமாக எழும்படி செய்தேன். இரண்டு உள்ளங்கையும் அருகருகே. இரண்டும் வேறு வேறு ரகமாக இருந்தால் விட முடியாதபடியும் செய்யட்டுமா என்று கேட்டேன். "அதுவும் செய். ஆனா கையைக் காட்டு. கண்ணால பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றார்.

திங்கட்கிழமை செயலாளர் சொன்னபடி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா எழுந்து நின்றார். புடவைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சார், ஒரு நிமிஷம். முதல்ல நீங்க செஞ்சு பாருங்க" என்று பழைய நிரலைத் திறந்து கொடுத்தேன். "அந்தக் குண்டை எடுத்து அதோட அட்டியில வைங்க."

"இது இன்னா பெரிய வித்த" என்று மவுஸைப் பிடித்து இழுத்தார். பாதி வழியில், "சார், அடுத்த மாசம் பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபம் கெடைச்சிதா?" என்று கேட்டேன். மனுஷர் உற்சாகமாகிவிட்டார். மவுஸை அழுத்தியபடியே மண்டபம், சமையல்காரர், பத்திரிகை என்று எல்லாம் சொன்னார். திரும்பித் திரையைப் பார்த்தார். வெறுங்கட்டம். கையில் பிடித்தது எது என்று கொஞ்சம் யோசித்தார். பொன்னி அட்டியில் விட்டார். குண்டுக்கு அங்கே சீட்டு அச்சானது.

அவர் சீட்டை எடுப்பதற்குள் நான் பேசினேன். "அன்னைக்கு நடந்தது அக்கா தப்பு இல்ல சார். என் தப்பு. கையில என்ன இருக்குன்னு தெரியலன்னு மொத நாளே கேட்டாங்க. நான் காதுல வாங்கல. அன்னைக்கு நீங்க அவங்களக் கேட்டப்போவும் வாயத் தெறக்காம நின்னேன்."

செயலாளர் அந்தச் சீட்டைக் கிழித்து எடுத்துப் படித்தார். பிறகு அக்காவிடம், "புதுசைக் காட்டும்மா" என்றார்.

அக்கா உட்கார்ந்தார். மூட்டையைப் பிடித்தார். திரையில் ஓர் உள்ளங்கை எழுந்தது, அதில் ஒரு பிடி நெல். நடுவழியில் அக்காவின் போன் அடித்தது. வலது கையை மவுஸிலிருந்து எடுக்காமல், இடது கையால் எடுத்துப் பேசினார். சின்ன மகள். பஸ் பாஸ் எங்கே என்று கேட்டாள் போலிருக்கிறது. "வூட்டுலதான் கீது, டிவி மேல பாரு" என்றார். வைத்தார். திரையைப் பார்த்தார். "குண்டு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, அட்டிக்கு மேலே போனார். இன்னொரு உள்ளங்கை எழுந்தது. இரண்டையும் பார்த்தார். விட்டார்.

"காஞ்சிபுரத்து ஆளெல்லாம் வேணாம்" என்றார் செயலாளர். "நீயே பாரும்மா." போகும்போது வாசலில் நின்று, "அந்தப் படத்துல கை தெரியுதே, அதை எடுத்துட்டு வெள்ளையா எதுனா போட்டா சுத்தமா இருக்கும் இல்ல?" என்று என்னைக் கேட்டார்.

"முடியாது சார்" என்றேன். முடியும். பத்து நிமிட வேலை.

அவர் போன பிறகு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம் இல்ல? அஞ்சு நாளா சோறு எறங்கல எனக்கு."

"பயந்துட்டேன்கா. மன்னிச்சிடுங்க."

"சரி, நாஷ்டா துன்னியா?" என்றார். இட்லி டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

சித்திரையில் அந்தக் குண்டு விதை சொர்ணவாரிப் பட்டத்து விதைப்புக்குப் போனது. ஆடியில் பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன், அந்த விதை போட்ட வயல் முழுக்க ஒரே நிறமாகப் பழுத்திருந்தது. இப்போது வேறு ஊர்களிலும் இரண்டு குடோன்களில் அந்த நிரல் ஓடுகிறது. அங்கே உட்கார்ந்து மூட்டையை இழுப்பவர்களுக்கு அக்காவைத் தெரியாது. நெல்லைத் தாங்கிக்கொண்டு அவர்கள் திரையில் நகர்வது அக்காவின் கை.