வீட்டில் வாயை மூடிய மூன்று மாதம்

பெருங்களத்தூரில் மீன் விற்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வியாபாரத்தில்கூடக் கூவி விற்க மாட்டேன், கூச்சம். மகளிடம் மட்டும் ஓயாமல் பேசுவேன். அதற்கும் வந்தது வினை.

யுகேஜி படிக்கும் அவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை, வீட்டில் தமிழே பேசாதீர்கள் என்று பள்ளியில் சொல்லியனுப்பினார்கள். என் மனைவி பன்னிரண்டாவது வரை படித்தவள். 'கம்', 'ஈட்', 'ஸ்லீப்' என்று தெரிந்ததை வைத்துச் சமாளித்தாள். எனக்கு அதுவும் வராது. நான் வீட்டுக்குள் வந்தால் மகள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் டிவியைப் பார்ப்பேன். மூன்று மாதம் இப்படியே போனது. இங்கிலீஷ் கூடவில்லை, தமிழும் குறைந்தது. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டினாள்.

கடைசியில் பள்ளியில் கூப்பிட்டார்கள். இவளிடம் வார்த்தையே இல்லை, இன்னொரு வருடம் யுகேஜியிலேயே இருக்கட்டும் என்றார் மிஸ். ஒரு படத்தை நீட்டி இங்கிலீஷில் கேட்டார். சிவப்பு மீன். மகள் வாயே திறக்கவில்லை. தமிழில் கேளுங்கள் என்றேன். கேட்டார். அப்போதும் திறக்கவில்லை. அந்த அறையில் தமிழ் பேசினால் திட்டு விழும் என்று பழக்கியதே அவர்கள்தானே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க மேடம்."

நானா சொன்னேன் என்று இன்னும் நம்ப முடியவில்லை. அவர் படத்தை மேசையில் வைத்துவிட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் போனார்.

"இன்னாம்மா இது?"

மகள் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சங்கரா மீனு, நைனா. கண்ணு வெள்ளையா கீது. பழசு. வாங்காத."

அதன்பிறகு நிற்கவில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள், செதில் எங்கே என்றாள், இதைவிட நெத்திலி நல்லது என்றாள். குரல் ஏறிக்கொண்டே போனது.

மிஸ் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"சூப்பரா பேசறாளே சார். இதையே வீட்ல இங்கிலீஷ்ல சொல்லிக்குடுங்க, போதும்."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எனுக்குத் தெரிஞ்சத குடுத்துட்டேன் மேடம். தெரியாதத நீங்கதான குடுக்கணும்? அதுக்குத்தான இங்க அனுப்புறேன்."

அவர் தாளில் எதையோ அடித்துவிட்டு ஒன்றாம் வகுப்பு என்று எழுதினார். அதற்குக் கீழேயே, வீட்டில் இங்கிலீஷ் பேசவும் என்றும் எழுதினார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வண்டியை எடுக்கும்போது, மதியம் என்ன சாப்பிட்டாய் என்று தமிழில் கேட்டேன். சிக்னல் தாண்டியும் அவள் பதில் முடியவில்லை.