ஆதிலட்சுமியும் நாற்பத்தோரு நிமிஷமும்

தவளக்குப்பம் கூட்டுரோட்டில், மருந்துக்கடை மாடியில் ஆதிலட்சுமி பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். பரீட்சை ரிசல்ட் வருகிற நாளில் மட்டும் கூட்டம் படிக்கட்டு வரைக்கும் நிற்கும். மற்ற நாளில் காலை பதினோரு மணிக்கு மேல் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த நேரத்தில் அவள் ஓரத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, முகம் தெரியாத யாரோடாவது செஸ் ஆடிக்கொண்டிருப்பாள்.

செஸ் அவளிடம் வந்ததே ஒரு விபத்து. லாஸ்பேட்டையில் பாலிடெக்னிக் படித்தபோது, போட்டிக்குப் பெயர் கொடுக்கப் பெண்கள் யாரும் இல்லையென்று பி.டி. மேடம் கடைசி பெஞ்சிலிருந்த நான்கு பேரை எழுதிப் போட்டுவிட்டார். ஆதிலட்சுமிக்குக் குதிரை எப்படிப் போகும் என்பதே அன்று காலையில்தான் தெரியும். ஐந்து ஆட்டம் ஆடி ஐந்திலும் தோற்றாள். கடைசி ஆட்டம் நாலே நகர்த்தலில் முடிந்துவிட்டது. அந்த நாலில் என்னதான் நடந்தது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நூலகத்தில் தூசி தட்டி ஒரு புத்தகத்தை எடுத்தாள். மூன்றாம் வருஷம் கோப்பையோடு வந்து நின்றபோது பி.டி. மேடம், "நான்தான் இவளக் கண்டுபுடிச்சேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி, சென்டர் திறந்து, 2004இல் இன்டர்நெட்டில் ஆட ஆரம்பித்த பிறகுதான் புது மாதிரி ஆட்களைப் பார்த்தாள். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் காயை நகர்த்தாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறவர்கள். கடிகாரத்தில் இருபது நிமிஷம் மிச்சமிருக்கும். தோற்றேன் என்று ஒத்துக்கொண்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எதிராளி சலித்துப்போய் எழுந்து போகட்டும் என்று காத்திருப்பார்கள். போனவுடன் சட்டென்று ஒரு காயை நகர்த்துவார்கள். அப்புறம் இவள் நேரம் ஓடி, ஜெயித்த ஆட்டம் கைவிட்டுப் போகும்.

முதல் ஆறு மாதம் அப்படி எத்தனையோ ஆட்டத்தை அவள் விட்டிருக்கிறாள். ஒருமுறை கோபத்தில் நாலு வரி திட்டி எழுதினாள். அந்தப் பக்கமிருந்து "ஹா ஹா" என்று வந்தது. அதோடு அவன் இன்னும் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான் என்று அவளுக்கே தோன்றியது.

கணவன் இராமதாஸ் அன்றைக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தவன், "என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டான். இவள் சொன்னாள்.

"அவன் உக்காந்தா உக்காரட்டும். உனக்கு வேற வேலையா இல்ல? பத்து ரேஷன் கார்டு லேமினேஷனுக்குக் கெடக்கு பாரு."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் அதையே பிடித்துக்கொண்டாள். காய் நகர்ந்தால் கம்ப்யூட்டர் "டொக்" என்று ஒரு சத்தம் போடும். அவள் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, யாராவது நிறுத்திவைத்தால் எழுந்துபோய் லேமினேஷன் போடுவாள், பயோடேட்டா டைப் அடிப்பாள். டொக் கேட்டதும் இரண்டே எட்டில் நாற்காலிக்கு வந்துவிடுவாள். ஓடுவது அவன் நேரம். தன் வேலை தன் வேலையாக நடக்கிறது. ஒரு வரி எழுதுவதில்லை, யாரையும் திட்டுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெயரைத் தடுப்புப் பட்டியலில் போட்டுவிடுவாள். அதற்கப்புறம் அவளிடமிருந்து ஒரு ஆட்டத்தைக்கூட இந்த வழியில் யாரும் பறிக்கவில்லை.

2008 ஆகஸ்டில் ஃப்ரெடெரிக் ஒரு யோசனையோடு வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று அரியாங்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டவர். சாமான்யத்தில் யாரையும் பாராட்ட மாட்டார். பென்ஷன் சம்பந்தமாக பிரான்சுக்கு மெயில் அனுப்ப வருவார். ஊரில் எல்லாரையும் போலவே ஆதிலட்சுமியும் அவரை, ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்கிற மாதிரி, "முசியே" என்றுதான் கூப்பிடுவாள். லியோன் நகரத்தில் அவருடைய தங்கை மகன் ஒரு சின்ன செஸ் கிளப்பில் இருக்கிறானாம். அவர்களில் நான்கு பேர், நம்மில் நான்கு பேர், இன்டர்நெட்டில் ஒரு மேட்ச். ஆளுக்கு ஒரு மணி நேரம்.

"நீ முதல் போர்டு ஆடணும்மா," என்றார்.

"நீங்க ஆடலயா முதல் போர்டு?"

"நான் ரெண்டு முறை உங்கிட்டத் தோத்தவன். கூச்சம் இல்லாம சொல்றேன், நீதான் ஆடணும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரைக்கு ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அது நண்பகல். ஃப்ரெடெரிக்கும், பேங்க்கில் வேலை பார்க்கிற கோவிந்தராசும், கல்லூரி மாணவி வேம்பும் மற்ற மூன்று போர்டில் உட்கார்ந்தார்கள். கோவிந்தராசு தோற்றார், வேம்பு ஜெயித்தாள், ஃப்ரெடெரிக் டிரா செய்தார். இரண்டு பக்கமும் ஒன்றரைப் புள்ளி. மிச்சம் இருந்தது ஆதிலட்சுமியின் ஆட்டம் மட்டும்.

அவளுக்கு எதிரே ஆடியவன் கிளப்பிலேயே பெரிய ஆட்டக்காரன் என்று பேர். ஆனால் நடு ஆட்டத்தில் பேராசைப்பட்டு ஒரு சிப்பாயைத் தின்றான், அதற்கு விலையாக ஒரு யானையை விட்டான். நாலே முக்காலுக்கு ஆதிலட்சுமியின் சிப்பாய் ராணியாவதற்கு ஒரே கட்டம் பாக்கி. அந்த இடத்தில் அவன் நின்றுவிட்டான். கடிகாரத்தில் அவனுக்கு நாற்பத்தோரு நிமிஷம் இருந்தது.

ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து போயிற்று.

"யோசிக்கிறானோ?" என்றாள் வேம்பு.

"யோசிக்க அங்க ஒண்ணும் இல்ல," என்றாள் ஆதிலட்சுமி. "எங்க போனாலும் மூணு நகர்த்தலுக்குள்ள முடிஞ்சிடும். உக்காந்துட்டான்."

ஃப்ரெடெரிக்குக்குக் காது சிவந்தது. "நான் எழுதுறேன். பிரெஞ்சுல நாலு வார்த்தை, ராணுவத்துல கத்துக்கிட்டது, எழுதினா தெரியும் அவனுக்கு."

"வேணாம் முசியே. எழுதினா நமக்கு எரியுதுன்னு தெரிஞ்சுடும். அதுக்குத்தான் உக்காந்திருக்கான்."

அவள் சொல்லி வாயை மூடவில்லை, மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. மூலையில் யு.பி.எஸ். பீப், பீப் என்று கத்த ஆரம்பித்தது. கீழே கூட்டுரோட்டில் யாரோ, "கரண்ட் வர ஆறு மணி ஆவும்பா!" என்று கத்தினார்கள். அவன் கடிகாரத்தில் இன்னும் முப்பத்தோரு நிமிஷம். பழைய பேட்டரி. ஆறு கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பத்து நிமிஷம் தாங்கினால் பெரிய விஷயம். லைன் அறுந்து மூன்று நிமிஷத்துக்குள் திரும்பி வராவிட்டால் ஆட்டம் அவனுக்கு.

"போச்சு," என்றார் கோவிந்தராசு.

"ஒண்ணும் போகல," என்றாள் ஆதிலட்சுமி. அவளுக்குப் பயம் வரவில்லை என்பதில் அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம். இந்த அறையில் எந்த ஒயர் எங்கே போகிறது, எந்தப் பெட்டி எவ்வளவு தின்னும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? "எல்லாரும் உங்க சிஸ்டத்த அணைச்சிடுங்க. வேம்பு, பிரிண்டர் பிளக்கப் புடுங்கு." ஐந்து கம்ப்யூட்டரும் அணைந்தன. பீப் சத்தம் நிதானமாயிற்று. பிறகு அவள் தன் மானிட்டரையும் அணைத்தாள்.

"அய்யய்யோ, என்னம்மா பண்றே?" ஃப்ரெடெரிக் எழுந்தே விட்டார்.

"இந்த டப்பாதான் முசியே ரொம்பத் தின்னும். ஆட்டம் உள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கு. நான் பாக்க வேணாம், கேட்டாப் போதும்." ஹெட்போனைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கருத்த திரைக்கு முன்னால் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். புழுக்கம் தாங்கவில்லை. ஃப்ரெடெரிக் ஒரு பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டார், பிறகு எழுந்து அவளுக்கும் விசிறினார். கடலூர் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஆதிலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு காய்கள் நிற்கிற நிலையை மனசில் ஒருதரம் அடுக்கிப் பார்த்தாள். ராஜா இங்கே வந்தால் யானை அங்கே. அங்கே போனால் ராணி. எதிலும் ஓட்டை இல்லை.

பதினைந்து நிமிஷம் கழித்து ஒரு சத்தம் கேட்டது. டொக் இல்லை, டிங். அவன் ஏதோ எழுதியிருக்கிறான். மானிட்டரைப் போட்டாள். ஃப்ரெடெரிக் குனிந்து படித்தார்.

"இன்னும் இருக்கீங்களான்னு கேக்குறான்."

"இதுக்கு மட்டும் பதில் போடணும். ஆமாங்கறதுக்குப் பிரெஞ்சுல என்ன எழுத்து?"

அவர் சொன்னார். மூன்றே எழுத்து. அடித்து அனுப்பிவிட்டு மறுபடி மானிட்டரை அணைத்தாள்.

அதற்கப்புறமும் அவன் ஏழு நிமிஷம் உட்கார்ந்திருந்தான். பீப் சத்தம் நெருக்கமாகிக்கொண்டே வந்தது. வேம்பு நகத்தைக் கடித்தாள். கோவிந்தராசு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அப்போதுதான் டொக் விழுந்தது.

திரை வெளிச்சம் வருவதற்குள் அவள் கை மவுசில் இருந்தது. ராஜாவை நகர்த்தியிருந்தான். அவள் சிப்பாயை ராணியாக்கினாள். அவன் மறுபடி நகர்த்தினான், இந்தத் தடவை உடனே. அவள் யானையைக் கொண்டுவந்து வைத்தாள். செக்மேட்.

ஃப்ரெடெரிக் என்னவோ பிரெஞ்சில் கத்தினார். வேம்பு கை தட்டினாள். ஆதிலட்சுமி முடிவு பதிவானதா என்று பார்த்துவிட்டு, ஒழுங்காக ஷட் டவுன் செய்து, யு.பி.எஸ்.சின் வாயை அடைத்தாள். அப்புறம்தான் சிரித்தாள். கீழே போய் நான்கு எலுமிச்சை சோடா வாங்கி வந்தார்கள்.

மறுநாள் லியோனிலிருந்து வாழ்த்து வந்தது. அடுத்த மேட்ச் எப்போது என்றும் கேட்டிருந்தார்கள். ஃப்ரெடெரிக் புகார் எழுதப் பேனாவோடு வந்திருந்தார். ஆதிலட்சுமி, "புகார் வேணாம், ஒரு விதி மட்டும் கேளுங்க," என்று தமிழில் சொல்லச் சொல்ல, அவர் பிரெஞ்சில் எழுதினார்: ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பத்து நொடி கூடுதல். அப்படியானால் பொறுமையாக ஆடுகிறவனுக்கு நேரம் பற்றாக்குறை வராது, உட்கார்ந்துகொள்கிறவனுக்கு உட்கார நேரம் இருக்காது. அவர்கள் மறுப்பு சொல்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

அக்டோபரில் அதே ஆள் மறுபடி அவளுக்கு எதிரே வந்தான். முப்பத்தொன்றாவது நகர்த்தலில் ஆதிலட்சுமி தோற்றாள். சுத்தமான ஆட்டம். ஒரு குதிரையைப் பலி கொடுத்து அவளுடைய ராஜாவை மூலையில் மடக்கிவிட்டான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ நல்லா ஆடுறவன், அன்னிக்கு எதுக்கு முசியே அப்படி உக்காந்தான்?"

"அவனுக்குத் தோக்கத் தெரியலம்மா."

"எனக்கு மட்டும் என்ன தெரியுது? இன்னும் ரெண்டு நாளைக்கு எங்கிட்ட யாரும் பேசக்கூடாது." சொல்லிவிட்டு ஆட்டத்தை முதலிலிருந்து ஓட்டினாள். அந்தக் குதிரை எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்று அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.