கோட்டைவீட்டு மனு

குலசேகரத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இடிந்து கிடந்த கோட்டைவீட்டைப் பார்க்கப் போகலாம் என்று கூப்பிட்டது என்னோடு வேலை பார்த்த டீச்சர்தான். கோட்டாற்றிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை அவளுக்கு. அந்த வீட்டை நான் முன்பே அறிவேன் என்று அவளிடம் சொல்லவில்லை. நாடு சுதந்திரமடைந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது.

எனக்கு ஏழு வயதில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே கருப்பட்டி கொண்டுபோனார். பனையேறிகள் பின்மதிலில் உள்ள ஓட்டை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அன்று பெருமழை, பின்வழியெல்லாம் வெள்ளம். கருப்பட்டி கரைந்துவிடுமே என்று என்னை அகழிக்கு இப்புறம் நிறுத்திவிட்டு, அப்பா முன்வாசலில் கூரை போட்ட படிப்புரையில் ஏறிவிட்டார். வீட்டுக்காரர் இரண்டு ஆட்களை விட்டுப் பிடித்து, அப்பாவின் வலது கையை வாசல் நிலையில் வைத்துப் பெரிய கதவைச் சாத்தச் சொன்னார். "ஏமானே, ஏமானே" என்று அப்பா அலறியது எனக்குக் கேட்டது. பிறகு அவர் பனை ஏறவே இல்லை. ஐந்து வருடம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து செத்தார். அம்மா கயிறு திரித்து என்னைப் படிக்க வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். அகழி தூர்ந்து அதில் மரச்சீனிக் கிழங்கு நட்டிருந்தார்கள். அம்பு விடுவதற்கென்று துளை வைத்துக் கட்டிய வெட்டுகல் மதில் பாதிக்குமேல் சரிந்திருந்தது. நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய நாலுகெட்டின் கூரை உள்ளே விழுந்து, முற்றத்தில் எருக்கு முளைத்திருந்தது. அவள் ஐயோ பாவம், எவ்வளவு பழைய கட்டிடம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒவ்வொரு கல்லும் விழுந்தது போதாது என்றிருந்தது.

படிப்புரை மட்டும் நின்றது. அதற்குள்ளிருந்து அந்த வீட்டுக்காரர் தடியூன்றி வந்தார். இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் என்றதும் முகம் மலர்ந்து உட்காரச் சொன்னார். அப்பா ஏறிய அதே படியில் செருப்போடு உட்கார்ந்தேன்.

"பிள்ளை எந்த வீட்டிலயாக்கும்?" என்று கேட்டார்.

"குழித்துறைப் பக்கம்" என்றேன்.

ரப்பர் தோட்டத்துக்கு லாரி போக ரோடு வெட்டப் போகிறார்களாம், அது இந்த வீட்டை இடித்துக்கொண்டு போகுமாம். தாலுகா கச்சேரி அதிகாரிக்கு ஒரு மனு எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். காகிதமும் பேனாவும் அவரிடமே இருந்தன. முன்னோர் ராஜாவுக்குப் படை அனுப்பியது, வீட்டுக்கு நானூறு வருடப் பழமை என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் எழுதியது வேறு.

'என் முன்வாசலில் ஏறியதற்காக ஒரு பனையேறியின் வலது கையை நான் கதவிடுக்கில் நசுக்கச் சொன்னேன். அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. இந்த வீடு நிற்க வேண்டியதில்லை. ரோடு இதன் வழியாகவே போகட்டும்.'

வாசித்துக் காட்டச் சொன்னார். அவர் சொன்னதையெல்லாம் மனதிலிருந்து ஒரு வார்த்தை தட்டாமல் வாசித்தேன். திருப்தியாகக் கேட்டுவிட்டு, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பாதி வழியில், "கண்ணு தெரியாதவருட்ட இப்பிடிச் செய்யலாமா?" என்று கேட்டாள்.

"எங்கப்பாவுக்குக் கண்ணு தெரிஞ்சுது. கதவு வாறத பாத்துட்டேதான் நின்னாரு" என்றேன்.

கச்சேரியில் வேலை பார்த்த ஒருவரின் மகள் என் வகுப்பில் படித்தாள். பிறகு நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார். கிழவர் தாமே மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நின்றவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அதிகாரி அதை உரக்க வாசித்திருக்கிறார். இது நான் சொன்னதில்லை என்று கிழவர் முதலில் கத்தினாராம். கையெழுத்து உம்முடையதுதானே, இதில் உள்ளது நடந்ததா இல்லையா என்று அதிகாரி கேட்டதும், கத்துவதை விட்டுவிட்டு அவர் திருப்பிக் கேட்டாராம்.

"அந்தப் பனையேறிக்கு ஒரு மக உண்டுமா?"

மனு இல்லாவிட்டாலும் ரோடு வந்திருக்கும், அது எனக்குத் தெரியும். அடுத்த கோடையில் படிப்புரையை இடித்து வெட்டுகல்லை ரோட்டுக்கே அடியில் போட்டார்கள். கிழவர் மருமகன் வீட்டுக்குப் போய் அங்கேயே செத்தார் என்று கேள்விப்பட்டேன். அந்த டீச்சர் அதற்கப்புறம் என்னோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. நான் தனியாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.