நண்டு உடைத்த பல்லுச்சக்கரம்

சண்டிலிப்பாய் நாகேஸ்வரி லொறிக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினால் மானிப்பாயில் நிற்கும் பஸ் வெளிக்கிட்டுவிடும் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். ஒரேயொரு தடவைதான் அப்படி நடந்தது. அன்று ஏறாமல் விடுபட்டவரும் ஒரேயொரு வாத்தியார்தான்.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. புருஷன் முத்துக்குமாரு லொறி ஓட்டுகிறார், அவள் கிளீனர். சுமையை இறுக்கிக் கட்டுவது, சில்லுக்குக் கட்டை வைப்பது, பின்னுக்கு எடுக்கும்போது "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுப்பது எல்லாம் அவள்தான். முப்பது வருஷத்துக்கு முன்னர் ஒருநாள், வேலைக்கு நின்ற கிளீனர் சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாடு போய்விட்டான். லொறி நிறையப் புகையிலை. முத்துக்குமாரு தலையில் கைவைத்துக்கொண்டு படியில் இருக்க, நாகேஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடப்பக்கத்தில் ஏறி இருந்தாள். இன்னும் இறங்கவில்லை. உறவுப் பெண்கள் சிரித்தார்கள். அடுத்த போகத்தில் தங்கள் வெங்காயத்தை அவளிடமே ஏற்றிவிட்டார்கள். வீட்டில் இருக்கும்போது அவள் வகுப்பு மாறி வந்துவிட்ட பிள்ளைபோல முழித்துக்கொண்டிருப்பாள். அந்த இருக்கையில் ஏறினால் நீதிபதி.

லொறி இங்கிலாந்தில் செய்த ஒரு பழைய பெட்போட். பிறந்தபோது அதனோடு இருந்தவற்றில் இன்றைக்கு மிச்சம் நம்பர் பிளேட் மட்டும்தான். ரேடியேற்றர் சாவகச்சேரியில் எரிந்துபோன ஒரு பஸ்ஸினுடையது. ஒரு கதவு சங்கக்கடை லொறியினுடையது. மழைக்காலத்தில் பெயின்றுக்கு மேலாகச் சங்கத்தின் பெயர் தெரியும். கோர்ன் ஒரு வள்ளத்திலிருந்து வந்தது. அதை அடித்தால் மாடு விலகாது, காகம்தான் கூடும். பொருளாதாரத் தடை இருந்த நாளில் டீசலுக்குப் பதில் மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து ஓட்டினார்கள். போகிற வழியெல்லாம் வடை சுடுகிற வாசம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணம் பிடித்துப் பின்னால் ஓடி ஓடி, அந்த வருஷம் ஓட்டப்போட்டியில் சண்டிலிப்பாயை வெல்ல வலிகாமத்தில் ஆளில்லாமல் போயிற்று.

அந்த நாளில் புதுச் சாமானுக்கு வழியில்லை. பழையதைத் தேடி எடுத்து, அராவி, ஒட்டி, பொருத்தித்தான் முத்துக்குமாரு லொறியைச் சாகவிடாமல் வைத்திருந்தார். தடை போய், யுத்தமும் முடிந்து, கடையில் எல்லாம் வந்த பிறகும் அவர் பழக்கத்தை மாற்றவில்லை. புதுச் சாமான் இந்த லொறிக்குள்ளே போனால் வெட்கப்பட்டே செத்துவிடும் என்பார். இந்தப் பழக்கம் லொறியோடு நின்றிருந்தால் நாகேஸ்வரி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். கிணற்றுக் கப்பி ஏதோ எஞ்சினில் பெல்ற் ஓடிய சில்லு. கோழிக்கூட்டின் கதவு முன்கண்ணாடிச் சட்டம். கலியாணம் முடித்த கையோடு வீட்டுக்கு வந்த தையல் மெஷின்கூட மாமியார் தைத்துக் கழித்தது. ஒரு பெட்டியைத் திறந்து, எண்ணெய்க் கடதாசியைப் பிரித்து, எவருடைய கையும் படாத ஒரு சாமானை அவள் வாழ்நாளில் எடுத்துப் பார்த்ததில்லை.

போன தை மாதம் கொடிகாமத்துக்குக் கிட்ட லொறி படுத்தது. லொறியின் பின் அச்சுக்குள்ளே ஒரு பெரிய பல்லுச்சக்கரமும் அதைச் சுழற்றுகிற ஒரு சின்னப் பல்லுச்சக்கரமும் இருக்கின்றன. பெரியது கிறவுண். தண்டும் பல்லுத் தலையுமாக இருக்கிற சின்னது பினியன். இவை ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றினால்தான் பின்சில்லு உருளும். ஒரு மாதமாகவே அங்கிருந்து ஊளைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நாகேஸ்வரி சொன்னாள், முத்துக்குமாரு காற்று என்றார். கொடிகாமத்தில் அந்தக் காற்றுக்குப் பல்லு உடைந்தது.

லொறியில் இருந்தது சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் கனகசபாபதியின் பீற்றூட். தம்புள்ளச் சந்தைக்குப் போகவேண்டியதை நாகேஸ்வரி தெருவோரத்தில் நின்று கூவிக்கூவியே விற்று முடித்தாள். தென்மராட்சியில் மூன்று நாளைக்கு வேறு கறி இல்லை. நாலாம் நாள் அங்கே பசுக்கள் சிவப்பாய்ப் பால் கறந்ததாகக் கேள்வி. பார்த்தவர்கள் சொன்னது, நான் பார்க்கவில்லை.

கனகசபாபதி கோபக்காரர் அல்லர். ஆனால் கிளப்பிய கிழங்கு காத்திருக்காது. திங்கட்கிழமை காலமை அடுத்த பாத்தி கிளப்புகிறேன், லொறி வந்து நின்றால் இந்தப் போகம் முழுக்க உங்களுக்கு, இல்லையென்றால் கஜீபனுக்கு என்று சொல்லிவிட்டார். கஜீபன் பட்டா என்கிற சின்ன லொறி வாங்கி ஆறு மாதம்தான். சீற்றில் சுற்றிவந்த பொலித்தீனை இன்னும் கழற்றவில்லை. ஒரு போகம் கைவிட்டுப் போனால் பெட்போட்டை வெட்டி நிறுத்து விற்பதைத் தவிர வேறு வழியில்லை. முத்துக்குமாருவுக்கு அதனால் தொழில் போகும். நாகேஸ்வரிக்கு அந்த இடப்பக்க இருக்கை போகும்.

லொறியை இழுத்துக்கொண்டுபோய் உரும்பிராயில் பிரகலாதனின் கராஜில் விட்டார்கள். பிரகலாதன் கைராசிக்காரர். ஆனால் அந்தக் கிழமைதான் அவருக்கு ஒரு கண்ணில் படர்ந்த வெள்ளையை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்திருந்தார்கள். அந்தக் கண்ணில் பச்சைத் துணி, மற்றக் கண்ணும் அரைகுறை. கதிரையில் இருந்துகொண்டே சொன்னார்: புதிது போட்டாலும் சரி, பழையது போட்டாலும் சரி, இரண்டும் ஒன்றாய் வந்ததாக இருக்கவேண்டும். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய பல்லுகள் வேறொன்றைக் கடிக்காது.

புருஷனும் பெஞ்சாதியும் இரண்டு நாள் வாக்குவாதப்பட்டார்கள். பட்டணத்தில் ஒரு கடையில் புதுப் பினியன் ஒன்று இருப்பதை நாகேஸ்வரி விசாரித்து வைத்திருந்தாள். சோடியில்லாமல் தனியாகக் கிடந்தது. அதன் பெரிய சக்கரம் எங்கே போயிற்று என்று அவள் கேட்கவில்லை. முத்துக்குமாரு கொழும்புத்துறையில் லவீனாவின் வளவில், பழைய வாகனங்களை உடைத்துச் சாமான் விற்கிற இடத்தில், நல்ல கிறவுண் ஒன்றைப் பார்த்து வந்திருந்தார். மூன்றாம் நாள் இருவரும் சமாதானமானார்கள். சின்னது அவளுடைய விருப்பப்படி புதிது, பெரியது அவருடைய விருப்பப்படி பழையது. இரண்டிலும் சோக்கட்டியால் குறி வைத்துப் பல்லை எண்ணினார்கள். உடைந்தவற்றில் எத்தனையோ, இவற்றிலும் அத்தனை.

கராஜில் நாகேஸ்வரியே பெட்டியைத் திறந்தாள். எண்ணெய்க் கடதாசியைக் கிழிக்காமல், மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். உள்ளே பினியன் வெள்ளிக் குத்துவிளக்குப்போல மினுங்கியது. கொஞ்சநேரம் மடியிலேயே வைத்திருந்தாள்.

பிரகலாதனுக்கு இந்தச் சேர்க்கையில் திருப்தி இல்லை. குங்குமம் சொல்லட்டும் என்றார். அது அவருடைய முறை. பல்லுகளில் எண்ணெயும் குங்குமமும் குழைத்துப் பூசி, கையால் ஒரு சுற்றுச் சுற்றுவார். மற்றச் சக்கரத்தின் பல்லில் சிவப்பு நடுவில் ஒட்டினால் பொருத்தம், ஓரத்தில் ஒட்டினால் ஆகாது. கண் தெரியாதபடியால் பார்த்துச் சொல்லும் வேலை நாகேஸ்வரிக்கு வந்தது. அவள் லாம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள்.

"நடுவிலைதான்" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் கோப்பாய்வரை ஓடிப் பார்த்தார்கள். போகும்போதே ஊளை தொடங்கியது. திரும்பி வரும்போது தெருநாய்கள் எல்லாம் மதிலில் ஏறி நின்று பதில் ஊளையிட்டன. பிரகலாதன் அச்சின் எண்ணெயைக் கொஞ்சம் வடித்து விரல்களுக்கிடையில் தேய்த்தார். மணல்போல இரும்புத்தூள். பிறகு முகத்தை நாகேஸ்வரியின் பக்கம் திருப்பினார்.

"குங்குமம் நடுவிலைதான் இருந்ததோ அக்கா?"

நாகேஸ்வரி வெறும்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இல்லைத் தம்பி. ஓரத்திலைதான் இருந்தது. நான்தான் நடுவிலை எண்டு சொன்னனான்."

பிரகலாதன் எண்ணெய் விரல்களைச் சாரத்தில் துடைத்தார். முத்துக்குமாருதான் கதைத்தார்.

"எனக்கும் தெரிஞ்சது. கண்ணாடி போட்டுக்கொண்டுதானே பக்கத்திலை நிண்டனான்."

"பிறகேனப்பா வாய் திறக்கேல்லை?"

"நீ அந்தப் பெட்டி பிரிச்ச வடிவைப் பாத்திட்டு என்னெண்டு சொல்லுறது?"

அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முப்பது வருஷமாக லொறிக்குள் பக்கத்தில் இருக்கிற மனுஷன் கண்ணாடி போட்டிருந்தது தெருவைப் பார்க்க மட்டுமில்லை என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

இரண்டு சக்கரத்தையும் கழற்றினார்கள். பிரகலாதன் கிறவுணின் விளிம்பை விரலால் தடவி, இதிலே ஒரு இலக்கம் வெட்டியிருக்கும், பாருங்கள் என்றார். நாகேஸ்வரி துடைத்துப் பார்த்தாள். நானூற்றுப் பதினேழு. இதனோடு பிறந்த பினியனிலும் அதே இலக்கம் இருக்கும், அது அந்த வளவிலேயே எங்கேயாவது கிடக்கும் என்றார் பிரகலாதன்.

ஞாயிறு காலமை இருவரும் கொழும்புத்துறைக்குப் போனார்கள். லவீனா பூசைக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை, ஒயில் நிறைந்த வாளிகளுக்குள் கிடந்த அத்தனை பினியனையும் நாகேஸ்வரி ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து இலக்கம் பார்த்தாள். நானூற்றுப் பதினாறு இருந்தது, நானூற்றுப் பதினெட்டும் இருந்தது. இடையில் உள்ளதைத்தான் காணவில்லை. கை முழங்கைவரை கறுத்துப்போயிற்று.

லவீனா வந்து, கை கழுவச் சவுக்காரம் தருகிறேன் என்று குசினிப் பக்கம் கூட்டிப்போனாள். குசினி வாசலில், மத்தியானக் கறிக்கு வாங்கிய நண்டுக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்ந்தபடி நின்றது ஒரு பினியன். பல்லுள்ள தலையில் பழஞ்சேலைத் துணி சுற்றியிருந்தது, கை வழுக்காமல் பிடிக்க. வால் நுனியில் நட்டு கழறாமல் இருந்தது. அந்த நட்டால்தான் நண்டுக் கால் உடைப்பது. நாகேஸ்வரி துணியை அவிழ்த்தாள். பல்லில் ஒரு காயமில்லை. இலக்கத்தைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.

லவீனா பதறிப்போனாள். "உதை மட்டும் கேளாதேங்கோ அக்கா. மற்றச் சாமான் என்ன வேணுமெண்டாலும் எடுங்கோ. நண்டுக் காலுக்கு உதைப்போல ஒண்டு உலகத்திலை இல்லை."

முத்துக்குமாரு இரப்பதுபோல எதையோ சொல்லத் தொடங்கினார். நாகேஸ்வரி அவரைக் கையால் மறித்தாள். பையிலிருந்து பெட்டியை எடுத்தாள். எண்ணெய்க் கடதாசியை இரண்டாம் முறையும் மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். ஒரு மத்தியான ஓட்டத்தில் புதிதின் பல்லு ஓரங்கள் கொஞ்சம் மங்கியிருந்தன, தண்டு இன்னும் மினுங்கியது.

"இதாலை அடிச்சுப் பார் பிள்ளை."

லவீனா ஒரு நண்டுக் காலை அம்மியில் வைத்து அடித்தாள். ஒரே அடியில் கால் மூன்றாய்ப் பிளந்தது. ஓடு ஒன்று பாசையூர்வரை பறந்துபோய் விழுந்தது என்று முத்துக்குமாரு இன்றைக்கும் சொல்கிறார். அவர் பொய் சொல்கிற ஆளில்லை, நான்தான் அவரிடமிருந்து கேட்டு எழுதுகிறேன். மாற்று அந்த இடத்திலேயே முடிந்தது. பெட்டியை மட்டும் நாகேஸ்வரி திருப்பி வாங்கிக்கொண்டாள்.

நண்டு பட்ட சாமானை மஞ்சள் தண்ணியில் கழுவாமல் லொறியில் ஏற்றமாட்டேன் என்று அவள் கராஜில் நின்றுவிட்டாள். பல்லுச்சக்கரத்தில் தண்ணியா என்று பிரகலாதன் மன்றாடினார். கடைசியில் மஞ்சளை ஒயிலில் குழைத்துத் தடவுவதாக உடன்பட்டார்கள். பிறகு குங்குமம். மஞ்சளும் குங்குமமுமாக இரண்டு சக்கரமும் மணவறையில் இருப்பதுபோல இருந்தன. ஒரு சுற்றுச் சுற்றியதும் நாகேஸ்வரி லாம்போடு குனிந்தாள், நெடுநேரம் பார்த்தாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டு, நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ என்றாள். அவர் பார்த்தார். நடுவில், பொட்டு வைத்ததுபோல.

திங்கட்கிழமை காலமை ஒரு புதுச் சிக்கல். பெட்போட் வருவது வழக்கமாகச் சங்கானையிலிருந்தே கேட்கும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. ஒழுங்கையில் காதை வைத்துக்கொண்டு நின்ற கனகசபாபதி, இனி வராது என்று முடிவெடுத்துக் கஜீபனை ஏற்றச் சொல்லிவிட்டார். மூன்று மூட்டை பட்டாவில் ஏறியும்விட்டது. நாலாவதைத் தூக்கும்போது பின்னால் கதவில் இரண்டு தட்டுக் கேட்டது. கனகசபாபதி திடுக்கிட்டுத் திரும்பினார். பெட்போட் அவருடைய முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"இறக்கு மோனை" என்றாள் நாகேஸ்வரி, கஜீபனைப் பார்த்து. "சீற்றிலை பொலித்தீன் கிழிஞ்சிடும்."

அவன் சிரித்துக்கொண்டு இறக்கினான். கனகசபாபதியும் பேச்சு மாறாத ஆள்.

இந்தப் போகம் முழுக்க அந்த லொறிதான் ஓடுகிறது. முறிகண்டியில் தேங்காய் உடைக்க நிறுத்தினால் மட்டும் எங்கிருந்தோ ஏழெட்டுப் பூனைகள் வந்து பின் அச்சுக்குக் கீழே இருந்துகொள்கின்றன; மஞ்சள் அந்தளவுக்குத்தான் வேலை செய்தது. அந்த வெறும்பெட்டி முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. அதற்குள் நாகேஸ்வரி விபூதிச் சரையும் மாத்திரையும் வைத்திருக்கிறாள்.

ஊளை நின்றபடியால் இப்போது லொறிக்குள் கதைத்தால் கேட்கிறது. முதல் நாள் ஆனையிறவு தாண்டும்வரை இருவருக்கும் என்ன கதைப்பதென்று தெரியவில்லை. பரந்தனில்தான் முத்துக்குமாரு தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்தமுறை உனக்கு ஒரு புதுச் சாமான் வாங்கித் தாறன் என்றார்.

நாகேஸ்வரி வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "லொறிக்கு வேண்டாம்" என்றாள். "கிணத்துக்கு ஒரு கப்பி வாங்கித் தாங்கோ. பெட்டியோடை."